படத்தில் காட்டாத பக்கம்

என் மனைவிக்கு ராக்கெட் என்றால் குச்சி கட்டியதுதான். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், ராக்கெட் குழாய்க்கு மருந்து அடைக்கிற ரூமில் அவளுக்கு வேலை. எனக்கு ராக்கெட் என்றால் சினிமாவில் வருவது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு டிசைன் போடுகிறேன். சீசன் வந்துவிட்டால் பெட்டிகளை லோடு ஏற்றி அனுப்புவதும் என் தலையில்தான் விழும். வீட்டுக்கு வந்ததும் மாடி அறையில் உட்கார்ந்து, படங்களில் வரும் விண்கலங்களை அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் சின்னதாகச் செய்வேன். நான் இதைக் கலை என்பேன். அவள் கிறுக்கு என்பாள். இரண்டுமே உண்மைதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கிறுக்கில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்குப் படத்தில் எப்படித் தெரிந்ததோ அப்படியே வேண்டும். ஜன்னல் ஒன்று கோணலாக இருந்தால் இங்கேயும் கோணலாக இருக்க வேண்டும். மற்றக் கட்சி, அந்தக் கலம் நிஜமாகவே பறந்திருந்தால் எங்கே துரு பிடித்திருக்கும், எங்கே பெயின்ட் உதிர்ந்திருக்கும் என்று யோசித்துச் செய்யச் சொல்லும். வாங்கி வைப்பவர்கள் பெரும்பாலும் முதல் கட்சி. செய்பவர்களுக்கு மனசு இரண்டாவது கட்சிப் பக்கம் இழுக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எனக்கு ஆர்டர் கொடுத்தவர் விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் பாய். கடையின் பின்னால் அவருடைய அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் நிற்பதெல்லாம் விண்கலங்கள். உளுந்து சாம்பிளைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே, எந்தப் படத்தில் எந்தக் கலத்துக்கு எத்தனை இன்ஜின் என்று கடகடவென்று சொல்லுவார். அவர் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு வெளிநாட்டுப் படம் தமிழ் பேசிக்கொண்டு ஊருக்கு வந்திருக்கிறது. ஓடிய நாளெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறார். அந்தப் படத்தின் கலம் மட்டும் அவர் அலமாரியில் இல்லை. கடையில் விற்கிறது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"படத்துல உள்ளபடி வேணும் ஆர்ட்டிஸ்டு. ஒரு கோடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார்.

அச்சகக்காரன் எல்லோரையும் ஊரில் ஆர்ட்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னபோது மட்டும் எனக்கு உச்சி குளிர்ந்தது. சரி என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

முதல் தடவை நான் மாட்டிக்கொண்டது கலரில். கலர் என் கோட்டை. பதினெட்டு வருஷமாக அதில்தான் பேர் வாங்கியிருக்கிறேன். படத்தை நிறுத்தி, கலம் நன்றாகத் தெரிகிற காட்சியைப் பிடித்து, எங்கள் அச்சகத்தில் மாதிரி அடித்துப் பார்க்கிற புரூஃப் மிஷினில் பிரின்ட் எடுத்தேன். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயின்ட் கலந்தேன். தாளும் கலமும் அச்சு அசலாகப் பொருந்தின. பெருமையாக விருதுநகருக்கு பஸ் ஏறினேன். பாய் அதைக் கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், என்னைப் பார்த்தார்.

"ஆர்ட்டிஸ்டு, இது கப்பலா, கம்பி மத்தாப்புப் பெட்டியா?"

வெயிலில் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. தீபாவளிக் கடையில் நூறு பெட்டிக்கு நடுவே நம் பெட்டி கண்ணில் அடிக்க வேண்டும் என்பதற்காக, எங்கள் மிஷினில் சிவப்பையும் மஞ்சளையும் எப்போதும் ஒரு படி தூக்கியே வைத்திருப்போம். அது எங்களுக்குப் பழகிப்போனதால் தூக்கியிருக்கிறது என்பதே மறந்துவிட்டது. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மிதந்த கலத்தை நான் மத்தாப்பு வெளிச்சத்தில் முக்கி எடுத்திருந்தேன். சிவகாசிக்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். மூக்கு உடைந்ததுதான் மிச்சம்.

அதிலிருந்து ஒன்று புரிந்தது. படத்தில் கலம் நீலமாகத் தெரிந்தது அங்கே போட்ட விளக்கினால். நான் நீலத்தைப் பூசினால், பாய் அறையில் உள்ள டியூப்லைட் அதன்மேல் இன்னொரு நீலத்தைப் பூசும். ஆகவே வெறும் உலோகச் சாம்பலைப் பூசி, சின்னப் பொருள் கண்ணுக்கு எப்போதும் கறுத்தே தெரியும் என்பதால் அதையும் கொஞ்சம் வெளுக்க வைத்தேன். கொண்டுபோய் அவருடைய டியூப்லைட் அடியில் வைத்ததும் படத்தில் கண்ட நிறம் வந்துவிட்டது. படத்தில் தெரிந்த மாதிரி தெரிய வேண்டுமானால், படத்தில் தெரிந்ததை அப்படியே பூசக் கூடாது. பாய் தலையாட்டினார். மீதியை முடித்துக் கொண்டுவரச் சொன்னார்.

இன்ஜின் பக்கம் கரி பூசுவதில்தான் என் மனைவி முதல் தடவையாக உள்ளே வந்தாள். இன்ஜின் குழல்களுக்கு அவள் கம்பெனியிலிருந்து கழித்துப்போட்ட வெற்றுக் காகிதக் குழாய்களையே வாங்கிவரச் சொல்லியிருந்தேன். குழலின் வாயில் கண்மை தீட்டியது மாதிரி கறுப்பாகப் பூசிக்கொண்டிருந்தேன். படத்திலும் அப்படித்தான் இருந்தது. காபி கொடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"நெருப்பு வாரது இந்த வாய் வளியா தானே?"

"ஆமா."

"அப்பம் வாயில எப்படிக் கரி நிக்கும்? அங்கன வெந்து வெள்ளையால்ல போகும். கொஞ்சம் தள்ளித்தான் கறுக்கும். வெடிச்ச ராக்கெட்ட நீங்க பார்த்ததே இல்லையா?"

நானும் இந்த ஊரில் பிறந்தவன்தான். வருஷா வருஷம் பார்த்ததுதான். வாயில் சாம்பல் வெள்ளை, கொஞ்சம் தள்ளிக் கறுப்பு, அதற்கப்புறம் பழுப்பு என்று அவள் சொன்னபடி பூசி, போட்டோ எடுத்து பாய்க்கு அனுப்பினேன். 'இதுதான் அந்தக் கப்பல்' என்று பதில் வந்தது. படத்தில் இல்லாததைப் பூசியதும் படம் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அவளுக்கு நான் ஒரு நன்றி சொல்லியிருக்க வேண்டும். "ஏதோ தெரியாம சொல்லிட்ட, சரியா வந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முக்கால்வாசி முடிந்த கலத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கீழே அவளிடம் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைப்பு. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உள்ள ஆளு எத்தனை பேரு?"

"பதினோரு பேர்."

"வாசல்?"

இடது பக்கம் முன்னால் இருந்த சின்னக் கதவையும் ஏணியையும் காட்டினேன். நகத்தளவுக் கதவு. கீல் வைத்து, திறந்து மூடுகிற மாதிரி செய்திருந்தேன். அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னொண்ணு எங்கன?" என்றாள்.

"ஒண்ணுதான். படத்துல ஒண்ணுதான் இருக்கு."

உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"கீள அம்புட்டு மருந்து. மேல பதினோரு உசுரு. ஒத்தை வாசலா? இதுக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒவ்வொரு ரூமுக்கும் எதிரும் புதிருமாக இரண்டு வாசல். கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். அவள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கல்யாண மண்டபமே ஆனாலும், முதலில் இரண்டாவது வாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டுதான் உட்காருவாள். எனக்கு அதைக் கேலி பண்ணிப் பழக்கம். அன்றைக்கும் பண்ணினேன்.

"சரி, நீ சொல்றேன்னு டைரக்டர்ட்ட சொல்லி மாத்தச் சொல்றேன்."

"மாத்துங்க. மாத்திட்டு அப்படியே எங்க ரூமுக்கும் ஒண்ணு வைங்க. இப்ப எங்களுக்கும் ஒத்தை வாசல்தான்."

என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. கேட்டேன். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பின்வாசலுக்கு வெளியே இருக்கிற தாழ்வாரத்தில் இரண்டு வாரமாக அட்டைப்பெட்டிக் கட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கிவிட்டார்களாம். கதவைத் தள்ளினால் ஒரு சாண்தான் திறக்குமாம். போர்மேனிடம் சொன்னதற்கு, பேக்கிங் தொடங்கியதும் காலியாகிவிடும் என்றாராம். அதற்குமேல் கேட்டால், இஷ்டமில்லையென்றால் வராதே என்று சொல்லிவிடுவார்களாம்.

"எந்தப் பிரஸ் அடிச்ச பெட்டி?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மயில் போட்டிருக்கு. ஊதாவும் பச்சையுமா. நீங்க போட்ட மயிலுதான்."

அந்த லோடை அனுப்பியவன் நான். அவர்கள் கேட்டதற்கு ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பினேன். எங்கள் குடோனில் இடம் இல்லை. அடித்து முடித்ததை உடனே வெளியே தள்ளுவது சீசனில் எங்கள் வழக்கம். வாங்கிக்கொள்கிறவர்கள் எங்கே வைப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வண்டி கிளம்பியதும் கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பேன். பதினோரு பொம்மை ஆட்களுக்கு வாசல் சரியாக இருக்கிறதா என்று மாதக்கணக்கில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன், பெண்டாட்டியின் வாசலை மயிலை வைத்து அடைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் எங்கள் முதலாளி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். திருப்பி எடுத்து எங்கே வைப்பது என்றார். என் வீட்டு மாடியில் வைக்கிறேன் என்றேன். அந்தக் கம்பெனியில் என்ன காரணம் சொல்லுவாய் என்றார். அதையும் யோசித்துத்தான் போயிருந்தேன். வாசல் அடைந்திருக்கிறது என்று சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்கள். என் மனைவி பெயர் அடிபடும். ஆகவே கலர் தப்பாகிவிட்டது, பார்த்துத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லப்போகிறேன் என்றேன்.

முதலாளி பேனாவை மூடினார். "உன் பேருதான்யா கெடும். ஊரெல்லாம் சொல்லுவாக" என்றார். பிறகு, "நம்ம வேனையே எடுத்துட்டுப் போ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கம்பெனியில் போர்மேன் மயிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானய்யா இருக்கு" என்றார். அவர் சொன்னது நிஜம். நான் அடித்த பெட்டிகளிலேயே நல்ல பெட்டி அது. "இல்லண்ணே, ஊதா செத்துப்போச்சு" என்று என் வாயாலேயே சொன்னேன். சொல்லும்போது வலித்தது. கட்டுக் கட்டாக வேனில் ஏற்றினோம். தாழ்வாரம் காலியானதும் பின்வாசல் கதவை ஒருமுறை முழுசாகத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரில் ஒருத்தி என்னை யாரோ மாதிரி பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவள்தான் என் மனைவி.

மாடி அறை மயிலால் நிரம்பியது. கலம் சமையல்கட்டு பிரிட்ஜ் மேல் ஏறியது. பாய்க்கு போன் போட்டு, கொஞ்ச நாள் ஆகும் என்றேன். சீசன் முடியட்டும், நான் எங்கே ஓடப்போகிறேன் என்றார். ஊரில் நாலைந்து அச்சகங்களில் என் ஊதா செத்த கதை பரவியது. டீக்கடையில் ஒருவன், "என்னண்ணே, கண்ணு மங்கிருச்சா?" என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அப்படிச் சத்தம் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். எல்லோரும் மாடிக்கு ஓடிப்போய்ப் புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். விஸ்வநத்தம் பக்கம் வெள்ளையாக ஒரு தூண் எழும்பியிருந்தது. கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆகையால் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வழியில் பார்த்த யாருடைய முகமும் ஞாபகம் இல்லை.

வெளிக் கேட்டுக்கு அந்தண்டை வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் அதில் இருந்தாள். செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கையில் கொஞ்சம் சிராய்ப்பு, புடவை ஓரம் கருகியிருந்தது, வேறொன்றும் இல்லை. நான் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமெல்லாம் அப்போது இல்லை.

முன்வாசல் பக்கம் தட்டில் இருந்த மருந்து எப்படியோ பிடித்துக்கொண்டதாம். அந்தப் பக்கம் போகவே முடியாது. நாலு பேரும் பின்வாசல் வழியாக ஓடி, வாய்க்கால் மேட்டில் விழுந்த பிறகுதான் ரூம் வெடித்துக் கிளம்பியிருக்கிறது. கூரை போய்விட்டது. நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். முன்வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு நாலு ஜோடியும் எரிந்துபோனது. வீட்டுக்கு வரும்போது பைக்கின் பின்னால் வெறுங்காலோடுதான் உட்கார்ந்து வந்தாள். தெருமுனை வந்ததும் காதோரம் சொன்னாள்.

"பின்வாசல் தொறந்து கெடந்துச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு நான் நன்றி சொன்னேன். அவளுக்கா, சாமிக்கா, அந்த வாய்க்கால் மேட்டுக்கா என்று கேட்டால் தெரியாது. இன்றைக்கும் காலையில் அவள் தூக்குவாளியோடு கிளம்பும்போது ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஆம், அவள் இப்போதும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள். கம்பெனியைச் சில வாரம் மூடி வைத்தார்கள், திறந்ததும் போய்விட்டாள். வேறு ரூம், அதே வேலை. போக வேண்டாம் என்று நான் சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

ஊதாவைச் சரிபண்ணியாச்சு என்ற பேரில் மயில் பெட்டிகள் பேக்கிங்குக்குத் திரும்பிப் போனதும் பிரிட்ஜ் மேலிருந்து கலத்தை இறக்கினேன். எனக்கு இனி ஒத்தை வாசல் வைத்து ஒரு கலத்தை முடிக்கக் கை வராது. ஆனால் பாய்க்கு ஒரு கோடு கூடக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படத்தை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி மறுபடி பார்த்தேன். படம் முழுக்கக் கலத்தின் இடது பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். வலது பக்கப் பின்பகுதி ஓர் இடத்திலும் வரவில்லை. ஒரு காட்சியில் கலம் அந்தப் பக்கமாகத் திரும்ப ஆரம்பிக்கிறது. அதற்குள் இருட்டில் போய்விடுகிறது. அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று படம் எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. அந்த இடத்தை அவர்கள் எனக்காகவே விட்டுவைத்த மாதிரி இருந்தது.

அங்கே இரண்டாவது வாசலை வைத்தேன். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. பூட்டு இல்லை. அதைத் திறந்தபடியே ஒட்டினேன். கதவின் விளிம்பில் பெயின்டைக் கொஞ்சம் தேய்த்துவிட்டேன், நிறையப் பேர் கைவைத்த மாதிரி.

விருதுநகரில் பாய் மடிக்கணினியில் படத்தை நிறுத்தி நிறுத்தி இடது பக்கத்தைச் சரிபார்த்தார். ஜன்னல், ஏணி, கோணல் ஆன்டெனா, எல்லாம் ஒத்துவந்தது. அவர் முகத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒரு நிமிஷம் வந்துபோனான். பிறகு கலத்தைத் திருப்பினார். திருப்பாமல் இருக்கிற சேகரிப்பாளர் உலகத்தில் கிடையாது.

"இது படத்துல இல்லையே ஆர்ட்டிஸ்டு."

"படத்துல இந்தப் பக்கமே இல்ல பாய்" என்றேன். ஏன் வைத்தேன் என்பதையும் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாசல், மயில், ஊதா, செருப்பு என்று எல்லாம் வந்துவிட்டது. வேண்டாமென்றால் மூடித் தருகிறேன் என்று சொல்லக்கூட மனம் வரவில்லை. ஆர்டர் போனால் போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் அந்தக் கதவை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "அப்பம் அந்தப் பதினோரு பேரும் தப்பிச்சிருப்பாக" என்றார். படத்தின் முடிவில் அவர்கள் தப்பிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. "மூடாதீக" என்று சொல்லிவிட்டு அவரே அலமாரியைத் திறந்து உள்ளே வைத்தார். வீட்டம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

சீசன் முடிந்து ஒரு நாள் இருவரும் போனோம். அலமாரியில் அந்தத் தட்டுக்குப் பின்னால் மட்டும் புதிதாக முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருந்தார். முன்னால் நின்று பார்த்தால் படத்தில் கண்ட கலம். பின்னால் கண்ணாடியில் திறந்த கதவு. அவர் டீ சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் ஆயுசில் என் வேலைக்கு யாரும் அப்படி மரியாதை செய்ததில்லை.

என் மனைவி கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தாள். இடம் போதாமல் பாய் இன்னொரு குட்டிக் கலத்தை அந்தக் கதவை ஒட்டி நிறுத்தியிருந்தார். அவள் யாரையும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, குட்டிக் கலத்தை எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

"வாசலுக்கு முன்னால எதையும் வைக்காதீக" என்றாள்.

"சரிம்மா" என்றார் பாய்.